மூன்றாவது வாரத்தில் ஏன் விட்டுவிடுகிறேன்?

கேள்வி: எனக்கு 41 வயது. மதுரையில் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை. இரண்டு பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியட் என்றாலே வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துவிடுகிற ஆள் நான். போன வருடம் ரத்தப் பரிசோதனை பார்த்த டாக்டர், "சர்க்கரை எல்லையில நிக்குது, மாத்திரை வேண்டாம், உடம்பை அசைங்க" என்றார். அதிலிருந்து மூன்று தடவை ஓட ஆரம்பித்து, மூன்று தடவையும் மூன்றாவது வாரத்தில் விட்டுவிட்டேன். தினமும் காலை ஐந்தேகாலுக்கு வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் போவேன். அரைச் சுற்று ஓடுவதற்குள் நெஞ்சு வெடித்துவிடும்போல மூச்சு முட்டும். கடிகாரத்தைப் பார்த்தால் மூன்றரை நிமிடம்தான் ஆகியிருக்கும். நடக்க வருகிற பெரியவர் ஒருவர், "என்னம்மா, அதுக்குள்ள மூச்சு வாங்குது?" என்று கேட்டதிலிருந்து அந்தப் பக்கம் போகவே கூச்சமாக இருக்கிறது. இரண்டாவது தடவை முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் ஒரே வலி. மூன்றாவது தடவை நாத்தனார் வீட்டுக் கல்யாணத்தில் நான்கு நாள் விட்டுப்போனது, அதோடு சரி. 74 கிலோ எடையும் குறையவில்லை. "வீட்டுக்குள்ள ஓடுற ஓட்டம் பத்தாதா?" என்கிறார் வீட்டுக்காரர். ஆபீஸில் எல்லோரும் ஜனவரியில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றுக்குப் பெயர் கொடுக்கிறார்கள். நானும் கொடுக்கலாமா? எனக்கு மன உறுதியே கிடையாதா? ஊக்கம் குறையாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: கடிதத்தைப் படித்ததும் நான் பென்சிலால் கோடு போட்டது 'மன உறுதி' என்ற இடத்தில் இல்லை. 'அரைச் சுற்று, மூன்றரை நிமிடம்' என்ற இடத்தில்.

தெப்பக்குளம் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 300 மீட்டர். அப்படியென்றால் ஒரு சுற்று 1.2 கிலோமீட்டர், அரைச் சுற்று 600 மீட்டர். அதை மூன்றரை நிமிடத்தில் கடக்கிறீர்கள் என்றால், கிலோமீட்டருக்கு ஆறு நிமிடத்துக்கும் குறைவு. அதே வேகத்தில் ஐந்து கிலோமீட்டரை ஓடினால் 29 நிமிடத்தில் முடிந்துவிடும். வருடக்கணக்காக ஓடுகிற எத்தனையோ பேர் அந்த நேரத்தை எட்ட முடியாமல் தவிக்கிறார்கள். வேப்பமரத்தடியிலிருந்து நேராக எழுந்து வந்து முதல் வாரத்திலேயே அந்த வேகத்தில் ஓடுகிறீர்கள். படிக்காமல் தினமும் முழுப்பரீட்சை எழுதுவது மாதிரி. தினமும் ஃபெயில் ஆகிறவருக்கு மறுநாள் காலை ஐந்து மணிக்குப் பரீட்சை ஹாலுக்குப் போக எப்படி மனசு வரும்? வராததுதான் இயல்பு. அந்த வேதனையோடு மூன்று வாரம் தாக்குப்பிடித்து, விட்டபிறகும் இரண்டு தடவை திரும்பப் போயிருக்கிறீர்கள். மன உறுதி உங்களுக்கு வேண்டிய அளவுக்கு இருக்கிறது. நான் குறைக்கச் சொல்வது வேகத்தை.

எவ்வளவு குறைப்பது? கிலோமீட்டருக்கு ஒன்பது நிமிடம், பத்து நிமிடம் ஆனாலும் பரவாயில்லை. உங்கள் அரைச் சுற்று ஐந்தரை நிமிடம் ஆக வேண்டும். இது கிட்டத்தட்ட விறுவிறுப்பாக நடக்கிறவரின் வேகம். உங்களிடம் மூச்சு வாங்குவதைப் பற்றிக் கேட்ட பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உங்களைத் தாண்டியே போய்விடலாம். போகட்டும். கால் மட்டும் ஓட்டத்தின் அசைவில் இருந்தால் போதும்: சின்னச் சின்ன எட்டு, பாதம் உடம்புக்கு நேர் கீழே விழ வேண்டும், தோள் தளர்ந்திருக்க வேண்டும்.

வேகம் சரியா என்று பார்க்கக் கைக்கடிகாரம் தேவையில்லை. ஏழாம் வாய்ப்பாட்டை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடுங்கள். 'ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொன்று' என்று மூன்று படி ஒரே மூச்சில் வந்தால் சரியான வேகம். ஒவ்வொரு படிக்கும் நடுவில் மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் அந்த இடத்திலேயே குறைத்துவிடுங்கள். என்னிடம் வருகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் செய்துபார்த்தவர்கள் மறுவாரம் வந்து, "டாக்டர், ரெண்டாவது வாய்ப்பாட்டுக்கே நின்னுட்டேன்" என்பார்கள். அதாவது இத்தனை நாளும் எவ்வளவு வேகமாக ஓடியிருக்கிறோம் என்பது அவர்களுக்கு அப்போதுதான் தெரிகிறது.

அந்த மூச்சுமுட்டலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் ஓடத் தொடங்கிய நொடியே தசைகள் ஆக்சிஜன் கேட்கின்றன. ஆனால் இதயமும் நுரையீரலும் அந்தத் தேவைக்கு ஈடுகொடுத்து நிலைக்கு வர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதுவரை உடம்பு கையிருப்பை வைத்துச் சமாளிக்கும். தினமும் ஓடுகிறவர்களுக்குக்கூட முதல் சில நிமிடம் சுகமாக இருக்காது. நீங்களோ வண்டியை நிறுத்திவிட்டு, நின்ற நிலையிலிருந்து நேராக முழுவேகத்தில் புறப்படுகிறீர்கள். சரியாக மிகக் கஷ்டமான அந்த நிமிடங்களை மட்டும் அனுபவித்துவிட்டு, அது தாண்டும் நேரத்தில் நின்றுவிடுகிறீர்கள். முதலில் ஐந்து நிமிடம் வேகமாக நடங்கள். பிறகு ஒரு நிமிடம் மெதுவோட்டம், ஒன்றரை நிமிடம் நடை. இதையே மாற்றி மாற்றி இருபது நிமிடம். கடைசியில் ஐந்து நிமிடம் சும்மா நடந்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். முதல் வாரத்துக்கு இவ்வளவுதான்.

இது நான் கண்டுபிடித்ததில்லை. 1996-இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்க இளைஞர், ஐம்பதைத் தாண்டிய தன் அம்மாவை சோபாவிலிருந்து எழுப்பி ஓடவைக்க ஒன்பது வாரத் திட்டம் ஒன்றை எழுதினார். 'கவுச் டு ஃபைவ் கே' என்று அது உலகம் முழுக்கப் பரவியது. பிரிட்டன் அரசின் சுகாதாரத் துறையே அதை செல்போன் செயலியாக இலவசமாகத் தருகிறது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம். வாராவாரம் ஓட்டம் கொஞ்சம் நீளும், நடை கொஞ்சம் குறையும். ஐந்தாவது வாரக் கடைசியில் இடையில் நடக்காமல் இருபது நிமிட ஓட்டம் ஒன்று வரும். பலர் பயப்படுவது அதற்குத்தான். நான் சொல்வது, ஒன்பது வாரம் என்ற எண்ணை மறந்துவிடுங்கள். ஒரு வாரம் கஷ்டமாக இருந்தால் அடுத்த வாரமும் அதையே செய்யுங்கள். என்னிடம் பயிற்சி எடுத்த ஒரு ஆசிரியை மூன்றாவது வாரத்தை நான்கு வாரம் செய்தார். யாரும் மார்க் குறைக்கவில்லை.

நடுவில் நடப்பது கௌரவக் குறைச்சல் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. ஜெஃப் காலவே 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவர். அவரே எழுபதுகளிலிருந்து புதியவர்களுக்கு ஓட்டமும் நடையும் கலந்த முறையைத்தான் கற்றுத்தந்தார். ஒலிம்பிக்கில் ஓடியவருக்கே அதில் வெட்கம் இல்லை.

இனி உங்கள் மூன்றாவது வாரத்துக்கு வருகிறேன். ஏன் ஒவ்வொரு முறையும் அதே வாரம்? உடம்பின் எல்லா உறுப்பும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. ஓடத் தொடங்கி இரண்டு வாரத்துக்குள் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். இதயம் ஒரு துடிப்பில் அதிக ரத்தத்தைத் தள்ளும். மூச்சு கொஞ்சம் எளிதாகும். 'ஆகா, வந்துவிட்டது' என்று நாமும் வேகத்தைக் கூட்டுவோம். ஆனால் எலும்பும் தசைநாணும் பழக மாதக்கணக்கில் ஆகும். ஓடும்போது ஒவ்வொரு எட்டிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. உங்கள் 74 கிலோவுக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதையும் நீங்கள் ஒருநாள் விடாமல் தினமும் செய்திருக்கிறீர்கள். மூச்சு ஒத்துழைக்க, கால் எதிர்க்க, அந்த வலி மூன்றாவது வாரத்தில் வந்து சேர்ந்தது. புத்தாண்டு சபதம் எடுத்து ஓடியவர்கள் ஜனவரி கடைசியில் இதே வலியோடு என் கிளினிக்குக்கு வருவார்கள். நாள்காட்டி பார்க்காமலே மாதத்தைச் சொல்லிவிடலாம்.

இந்த வலியைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். முன்னெலும்பின் உள்ஓரமாகக் கட்டைவிரலால் கீழிருந்து மேலாக அழுத்திக்கொண்டே வாருங்கள். நான்கைந்து விரற்கடை நீளத்துக்குப் பரவலாக வலித்தால், அது பெரும்பாலும் அதிகச் சுமையால் வந்த எலும்போர அழற்சி. ஓய்வும் வேகக் குறைப்பும் போதும். ஒரே ஒரு புள்ளியில், ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மட்டும் சுருக்கென்று குத்தினாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பில் நுண்ணிய விரிசல் இருக்கலாம். அப்போது ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும், தைலம் தேய்த்துக்கொண்டு இருக்கக் கூடாது.

அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டும். செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாளில் அதே தெப்பக்குளத்தில் நடக்கலாம். உங்கள் சர்க்கரைக்கும் அதுதான் கணக்கு: உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு. ஓட்டம் மூன்று நாளில் 90 நிமிடம் வந்துவிடும், மீதியை நடை பார்த்துக்கொள்ளும்.

கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். அடுத்த ஓட்டத்துக்கு முன்னால் ஹீமோகுளோபின் பாருங்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது பாதிக்கு மேல். ரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்கும் வண்டிகளே குறைவாக இருந்தால் எவ்வளவு மெதுவாக ஓடினாலும் மூச்சு முட்டத்தான் செய்யும். மாதவிலக்கில் அதிகம் போகிறது என்றால் இன்னும் அவசியம். எண் 12-க்குக் கீழே இருந்தால் மருத்துவரிடம் காட்டி இரும்புச்சத்து எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே தைராய்டும் பார்த்துவிடுங்கள். 'எனக்கு ஊக்கமே இல்லை' என்று என்னிடம் அழுத ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 8.2 இருந்தது. எத்தனை தன்னம்பிக்கைப் பேச்சு கேட்டிருந்தாலும் அது ஏறியிருக்காது.

'நெஞ்சு வெடித்துவிடும்போல' என்று எழுதியிருக்கிறீர்கள். அது மூச்சுமுட்டல்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். நெஞ்சில் பாரம் வைத்ததுபோல அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, கண் இருட்டுவது, நின்று சில நிமிடம் ஆகியும் படபடப்பு அடங்காதது: இதில் ஒன்று இருந்தாலும் ஓட்டம் இல்லை, முதலில் இதய மருத்துவர்.

சரி, கல்யாணத்துக்குப் போன நான்கு நாள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி என்பவரும் சக ஆய்வாளர்களும் 96 பேரை வைத்து ஒரு பழக்கம் படிய எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். 2010-இல் அச்சானது. ஊரில் சொல்கிற '21 நாள்' கணக்கெல்லாம் அதில் வரவில்லை. நடுவாக 66 நாள். ஆளுக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப 18 நாளிலிருந்து 254 நாள் வரை. உங்களுக்கு வேண்டிய செய்தி அதில் வேறொன்று: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது, பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. நான்கு நாள் கல்யாணமும் உங்கள் நுரையீரலிலிருந்து எதையும் கொண்டுபோகவில்லை. ஐந்தாவது நாள் 'எல்லாம் போச்சு, மறுபடி முதலிலிருந்தா' என்று நினைத்தீர்களே, அது கொண்டுபோய்விட்டது. கல்யாணம், காதுகுத்து, பிள்ளைகளின் பரீட்சை, சித்திரைத் திருவிழா எல்லாம் வரும், நாள் விட்டுப்போகும். திரும்பிவந்ததும் போன வாரத் திட்டத்தை ஒருமுறை செய்துவிட்டுத் தொடருங்கள்.

ஆனால் வீட்டுக்காரர் சொன்னது சும்மா தள்ளிவிடுகிற பேச்சில்லை, அதில் ஒரு உண்மை ஒளிந்திருக்கிறது. ஐந்தேகாலுக்குத் தெப்பக்குளம் போகிறவர் ஆறு மணிக்குத் திரும்பிவந்து, இரண்டு டிபன் டப்பா கட்டி, குளித்து, வங்கிக்குக் கிளம்ப வேண்டும். என் அனுபவத்தில் பெண்களுக்கு ஊக்கம் என்பது பாதி நேரம் 'இன்றைக்குச் சட்னி யார் அரைப்பது' என்ற கேள்விதான். அதைத் தீர்க்காமல் வேறெதைச் செய்தாலும் நிற்காது. அவரிடம் வாரம் மூன்று நாள், அரைமணி நேரம் என்று அளவாகக் கேளுங்கள். "எனக்கு சப்போர்ட் பண்ணுங்க" என்று பொதுவாகச் சொன்னால் தலையாட்டிவிட்டுத் தூங்கிவிடுவார்கள். "செவ்வாய், வியாழன் பால் காய்ச்சி, பிள்ளைகளை எழுப்பி, குக்கர் வைப்பது நீங்க" என்று வேலையின் பெயரைச் சொல்லிக் கேட்டால் நடக்கும். ஞாயிறு எப்படியும் தாமதமாகத்தான் டிபன்.

எழுவதா வேண்டாமா என்ற வழக்கைக் காலை ஐந்து மணிக்கு நடத்தாதீர்கள். அந்த நேரத்தில் தலையணை பக்கம்தான் தீர்ப்பு வரும். உடுப்பு, ஷூ, வண்டிச் சாவி மூன்றும் முந்தின இரவே கதவோரம். அதையும் மீறிச் சோம்பலாக இருக்கிற நாளில், ஷூவை மாட்டித் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பிவிடலாம் என்று உங்களுக்கு நீங்களே அனுமதி கொடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஒரு நாள் கணக்கில் சேரும். சமையலறைக் காலண்டரில் பால் கணக்கு எழுதுவோமே, அதே கட்டத்தில் எத்தனை நிமிடம் என்று மட்டும் எழுதுங்கள். கிலோமீட்டரும் வேகமும் எழுத வேண்டாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் இரண்டு மாதத்துக்கு வேண்டாம். கைதட்டல் முதல் வாரத்திலேயே கிடைத்துவிட்டால் மூன்றாவது வாரத்துக்கு மிச்சமிருக்காது.

எடை மெஷினையும் பரணில் போட்டுவிடுங்கள். 74 கிலோ ஆள் ஒரு கிலோமீட்டர் ஓடினால் செலவாவது ஏறக்குறைய 74 கலோரி. முதல் வாரத்தில் ஒரு நாளுக்கு இரண்டு கிலோமீட்டர் தேறினால் 150. திரும்பும் வழியில் டீக்கடையில் ஒரு வடையும் ஒரு காபியும் அதை நேர்செய்துவிடும். ஓட்டத்தால் சர்க்கரை கட்டுக்குள் வரும், தூக்கம் நன்றாகும், மாடிப்படி ஏறுவது இலேசாகும். எடை பெரும்பாலும் தட்டில் முடிவாகிற விஷயம். ஒன்றின் பலனை இன்னொன்றிடம் எதிர்பார்த்து மாதாமாதம் ஏமாறாதீர்கள்.

ஷூ ஏற்கெனவே வாங்கியிருப்பீர்கள், அதுவே போதும்; கடைக்காரர் சொல்கிற விலை உயர்ந்த மாடல் தேவையில்லை. பணம் செலவு செய்வதானால் நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா ஒன்றுக்குச் செய்யுங்கள். துப்பட்டா இல்லாமல் போகத் தயக்கமென்றால் நீளமான டி-ஷர்ட் போதும். தெருநாய் துரத்தினால் ஓடாதீர்கள், நின்றுவிடுங்கள். நேராகக் கண்ணைப் பார்க்காமல் மெதுவாக நடந்து விலகினால் பெரும்பாலும் அதுவும் விட்டுவிடும்.

அந்தப் பெரியவர் விஷயம். அவர் கேட்டது கேலியாகவே இருந்தாலும், மற்றவர் பார்வை என்பது முதல் பத்து நாள் சமாச்சாரம். தெப்பக்குளத்துக்கு வருகிறவர்கள் தினமும் அதே ஆட்கள்தான். அவர்கள் கண்ணுக்கு நீங்கள் பழகிவிடுவீர்கள். மெதுவோட்டத்தில் உங்களுக்குப் பேச மூச்சு மிச்சமிருக்கும் என்பதால், அடுத்த முறை நீங்களே "நல்லா இருக்கீங்களா ஐயா?" என்று முந்திக்கொள்ளலாம். எனக்கு இது நடந்தது. நான் ஓடத் தொடங்கிய புதிதில் என்னைப் பார்த்துச் சிரித்த ஒருவர், காய்ச்சலில் ஒரு வாரம் போகாமல் இருந்து திரும்பியபோது, "எங்க, ஆளையே காணோம்?" என்று அதட்டினார். அதன்பிறகு அவருக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்பதற்காகவே எழுந்த காலைகள் உண்டு.

ஜனவரி ஓட்டத்துக்குப் பெயர் கொடுங்கள். இன்னும் பதினான்கு வாரம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு மூன்று வாரம் அடிபட்டாலும், ஒரு வாரத்தை இரண்டு தடவை செய்தாலும் நேரம் போதும். அதற்குள் இடைவிடாமல் ஓட வரவில்லையென்றால் ஓட்டமும் நடையுமாகவே முடியுங்கள். கூட்டத்தின் கடைசியில் போய் நில்லுங்கள். விசில் ஊதியதும் ஆபீஸ்காரர்கள் எல்லோரும் உங்களைத் தாண்டிப் பறப்பார்கள். நீங்கள் ஏழாம் வாய்ப்பாட்டோடு பின்னால் வாருங்கள். மூன்றாவது கிலோமீட்டரில் இடுப்பில் கைவைத்து நிற்கிற சிலரைப் பார்ப்பீர்கள்.

ஹீமோகுளோபின் ரிப்போர்ட் வந்ததும் ஒரு வரி எழுதிப்போடுங்கள். எண் 11-க்குக் கீழே இருந்தால் முதல் ஆறு வாரம் நடை மட்டும்தான், ஓட்டத்தைத் தள்ளிவைத்துவிடலாம்.